நிறம் ஏறாத இடம்

எங்கள் அறைக்கு நோயாளர் எவரும் வருவதில்லை. மருத்துவமனையின் பின்புறத்தில், சலவைக் கூடத்தை ஒட்டினாற்போல், இரண்டு சன்னல்களும் நீண்ட தேக்கு மேசையொன்றும் உள்ள அறை அது. அங்கே வருவன குப்பிகளே. பார்மலினில் அமிழ்ந்த சிறு சதைத் துணுக்கு; குப்பியின்மேல் ஒட்டிய தாளில் ஒரு பெயர், வயது, வார்டு எண். அத்துணுக்கை நாங்கள் மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பகுத்தால் வரும் கனத்தில் சீவி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, திசுக்களைப் படித்து நோய் சொல்லும் டாக்டர் ஐயாவின் நுண்ணோக்கிக்கு அடியில் வைப்போம். முகம் காணாமலே ஊரின் பாதிப் பேரை அறிவோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இதனை எழுதும் நாங்கள் இருவர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். எங்களுள் பேனாவைப் பிடித்தவர் யார் என்பது இங்கே பொருட்டன்று. நிகழ்ந்தது இருவருக்கும் பொதுவானது.

பெண்கள் அறுவை வார்டுக்குப் பொறுப்பாக ஓர் அருட்சகோதரி இருந்தார். அவர் பெயர் மடத்துக் கல்லறையில் ஒரு சிலுவையில் எழுதப்பட்டிருக்கிறது; இங்கே வேண்டாம். குப்பிகளை வார்டு ஊழியரிடம் கொடுத்தனுப்ப அவருக்கு மனம் வராது. தாமே தட்டில் அடுக்கி எடுத்து வந்து, பதிவேட்டில் ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுச் சரிபார்த்த பின்பே போவார். "மெதுவா வையுங்க தம்பி, இது காய்கறியில்லை" என்பார். 2006 பிப்ரவரியில் ஒரு காலை அவர் கொண்டுவந்த தட்டில் ஐந்து குப்பிகள் இருந்தன. நான்கு பெயர்களையே வாசித்தார். அவர் சென்ற பின்புதான் ஐந்தாவது குப்பியின் தாளைப் பார்த்தோம். அதில் அவருடைய பெயர் இருந்தது, வயது 63. கருப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி உறிஞ்சி எடுத்த திசு. மாதவிலக்கு நின்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் உதிரப்போக்கு, பதினோரு மாதங்களாக, என்று மருத்துவர் கீழே குறித்திருந்தார்.

பதினோரு மாதங்கள்! மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் ஒளிக்காதீர்கள் என்று வார்டுப் பெண்களுக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பின்னொரு நாள் நாங்கள் இதைக் கேட்டபோது, நற்செய்தியில் ஆண்டவரின் ஆடையைத் தொட்ட பெண்ணை நினைவூட்டி, "அவ பன்னிரண்டு வருஷம் பொறுத்தா, எனக்குப் பதினோரு மாசந்தானே" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கிய பின், "மடத்துல எல்லார் துணியும் ஒரே கொடியிலதான் காயுது தம்பி. நான் ராத்திரி துவைச்சு என் அறைக்குள்ளேயே உலர்த்திக்கிட்டேன்" என்றார்.

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு விந்தையானது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ நானூறு தடவை அது தன்னைத் தானே கட்டியெழுப்பி, கருத்தரிக்காத திங்களில் உதிர்த்துவிட்டு, மறுபடியும் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு 'வளர்' என்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் 'போதும்' என்கிறது. இவ்வளவு அவசரமாக வளரவும் இவ்வளவு பணிவாக நிற்கவும் தெரிந்த திசு உடலில் அரிது. அந்தப் பணிவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கடந்த நாற்பது ஆண்டுகளில் அறிவியல் சிறிது சிறிதாகக் கண்டறிந்தது.

எங்களுள் ஒருவருடைய தந்தை மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையில் நிலைய அதிகாரியாக இருந்தவர். ஆதலால் எங்களுக்கு இது இரயிலாகவே விளங்கிற்று. ஒற்றைப் பாதையில் ஓட்டுநர், பிரம்பு வளையத்தோடு கூடிய பையிலே ஓர் உலோகப் பந்தைப் பெற்றாலன்றி வண்டியை நகர்த்த முடியாது. அடுத்த நிலையத்தை அடைந்ததும் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கப்பால் செல்ல வேறு பந்து. உயிரணு இரண்டாகப் பிரியும் பயணத்திலும் நான்கு கட்டங்கள் உள்ளன. வண்டியை இழுக்கும் எஞ்சினாகிய கைனேஸ் என்னும் நொதி எப்போதும் தயாராகவே நிற்கிறது. சைக்ளின் என்னும் புரதம் வந்து சேர்ந்தால்தான் நகரும். கட்டம் முடிந்ததும் அந்தச் சைக்ளின் அழிக்கப்படும். 1982ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் கடல்முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்த டிம் ஹன்ட் என்ற ஆங்கிலேயர், மற்றப் புரதங்களெல்லாம் பெருகிக்கொண்டே போக, ஒன்று மட்டும் முட்டை பிளக்குந்தோறும் சட்டென்று மறைந்து, மறுபடி சேர்வதைக் கண்டார். அதுவே சைக்ளின். ஈஸ்ட்டில் இதே ஒழுங்கைக் கண்டறிந்த லீலண்டு ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நகர்த்துவோர் உண்டெனில் நிறுத்துவோரும் உண்டு. பி-27, பி-16 முதலிய புரதங்கள் சிவப்பு விளக்கைப் பிடித்து நிற்பவை. பி-53 என்பது தண்டவாளத்தில் நடந்து நடந்து விரிசல் தேடும் கீமேன். மரபுச் சரட்டில் முறிவு கண்டால் அது பி-21ஐ எழுப்பி வண்டியை நிறுத்தும். செப்பனிட இயலாதெனில் அந்த உயிரணுவையே மடியச் செய்யும். இப்பெயர்களில் அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பி-53இன் எண் அதன் எடையைக் கணக்கிட்டு வைத்தது. பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களைக் காட்டித்தரும் கி-67இன் கதை இன்னும் எளிது: ஜெர்மனியின் கீல் நகரில், சோதனைத் தட்டின் 67ஆம் குழியில் கிடைத்தது, 1983இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

இப்புரதங்களைக் கண்ணால் காண ஒரு வழியுண்டு. தேடும் புரதத்தின்மேல் மட்டுமே சென்று ஒட்டும் எதிர்ப்புரதம் ஒன்றைத் திசுவின்மேல் ஊற்றி, அது ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி செய்வார்கள். பழுப்பு இருந்தால் புரதம் இருக்கிறது, இல்லாவிடில் இல்லை. அவ்வளவு எளிதென்றே நாங்களும் எண்ணியிருந்தோம்.

கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் இரண்டு பாதைகளில் வருவதாக லெனின்கிராடு நகரத்து மருத்துவர் போக்மன் 1983இல் எழுதினார். முதலாவது பெரும்பான்மை வழி. உடற்பருமன், நீரிழிவு, பிள்ளைப்பேறின்மை போன்றவற்றால் ஈஸ்ட்ரோஜனின் குரல் மட்டும் ஓங்கி, 'போதும்' என்போர் இல்லாமற் போகச் சவ்வு தடித்துப் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்திலிருந்து புற்றை நோக்கிப் போகப் போக, சைக்ளின் டி-1 மிகுவதையும் பி-27 குறைவதையும், பிடென் என்னும் மற்றொரு காவற்புரதம் அழிந்துபோவதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருக்கம் யாவும் புற்றாகிவிடுவதில்லை. 170 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், உயிரணுக்களின் உருவம் கெடாத பெருக்கத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கே பின்னர்ப் புற்று வந்தது. உருவம் கெட்டிருந்தோரில் 23 விழுக்காட்டினருக்கு வந்தது. இங்கே கி-67ஐ மட்டும் நம்பினால் இடறி விழ வேண்டியதுதான். இருபது வயதுப் பெண்ணின் நலமான சவ்விலும், மாதத்தின் முற்பாதியில், அது பழுப்பாகக் கொட்டிக் கிடக்கும். பிரிவது நோயன்று. நிற்கத் தெரியாமற் பிரிவதே நோய்.

இரண்டாவது பாதை அரியது, கொடியது. மெலிந்த முதிய பெண்களில், தடிப்பே இல்லாத மெல்லிய சவ்வில், எச்சரிக்கை ஏதுமின்றித் தொடங்குவது. சீரஸ் வகை என்பார்கள். கருப்பை உட்சவ்வுப் புற்றுகளில் பத்தில் ஒரு பங்கே அது. ஆயின் அதனால் வரும் இறப்போ அந்த அளவுக்குப் பலமடங்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பேருக்குக் கீமேனாகிய பி-53 கெட்டுப்போயிருக்கும்.

சிஸ்டர் மெலிந்தவர். சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை; கையில் செபமாலையோடு படியேறினால் நாங்கள் பின்தங்குவோம். அவருடைய திசுவை டாக்டர் ஐயா இரண்டு நாள் பார்த்தார். புற்றுநோய் என்பதில் ஐயமில்லை. எந்த வகை என்பதே வினா. சுரப்பிகள் ஒழுங்காக அமைந்திருந்தன. முதல் வகையின் மிதமான வடிவம் போலவே தோன்றிற்று. (சீரஸ் வகையும் சில சமயம் இப்படி நல்ல பிள்ளையாக வேடமிடும் என்பதை இன்று பாடநூல்கள் தனியே எச்சரிக்கின்றன.) ஆனால் உட்கருக்கள் சுரப்பிகளின் ஒழுங்குக்குப் பொருந்தாத அளவு பெரியனவாக இருந்தன. அது அவரை உறுத்திற்று. எங்களிடம் அக்காலத்தில் புரதச் சாயமிடும் வசதி இல்லை. மெழுகுக் கட்டியைச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம்; கட்டணத்தை டாக்டர் ஐயாவே கொடுத்தார்.

பதினோராம் நாள் கூரியரில் முடிவு வந்தது. பி-53: எதிர்மறை. உடன் கண்ணாடித் தகடுகளையும் அனுப்பியிருந்தார்கள். டாக்டர் ஐயா பார்த்துவிட்டு எங்களையும் அழைத்துக் காட்டினார். புற்றுயிரணுக்களில் பழுப்பு என்பதே இல்லை. ஊதாக்கலந்த நீலமாக, கழுவிவிட்ட திண்ணைபோல் துப்புரவாக இருந்தது. கெட்டுப்போன பி-53 அழியாமல் தங்கிக் குவிந்து, உட்கருவைக் கறுக்கப் பழுப்பாக்கும் என்பதே அன்று எல்லாரும் படித்திருந்த பாடம். பழுப்பில்லை, ஆகவே கெடவில்லை. முதல் வகையே என்று அறிக்கையில் கையொப்பமிட்டார். நாங்கள் வார்டுக்கு ஓடிச்சென்று சிஸ்டரிடம் சொன்னோம். அன்று மாலை அவர் எங்கள் அறைக்கு ஒரு பொட்டலம் அச்சுமுறுக்கு அனுப்பினார்.

கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. நோய் தசைச்சுவரில் சிறிதளவே இறங்கியிருந்தது. இந்த வகைக்கு இதற்குமேல் வேண்டாம் என்று கதிர்வீச்சும் இல்லை, கீமோதெரபியும் இல்லை. மூன்று மாதத்தில் பழையபடி தட்டோடு வந்தார். 2008 நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த வாரத்தில், வயிறு உப்புசம் என்றார். வயிற்றிலிருந்து எடுத்த நீர் எங்கள் மேசைக்கே வந்தது. அதைச் சுழற்றி, அடியில் படிந்ததைத் தகட்டில் பரப்பிப் பார்த்தபோது, கொத்துக் கொத்தாக அதே பெரிய உட்கருக்கள். அவர் 2009 தவக்காலத்தில் இறந்தார். கடைசி வாரத்திலும், குப்பிகளை இப்போது யார் எடுத்து வருகிறார்கள், பெயரைச் சரிபார்க்கிறார்களா என்று கேட்டார்.

எட்டாண்டுகள் சென்றன. 2014இல் எங்கள் அறைக்கே புரதச் சாயமிடும் வசதி வந்துவிட்டது. 2017இல் பயிற்சி முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பி-53ஐப் படிக்கும் முறை குறித்து ஒரு முழு முற்பகல். நலமான பி-53 உடையும் இயல்புள்ளது. ஆதலால் அது சிறிதளவே இருக்கும். சாயமிட்டால் ஆங்காங்கே மங்கலாக, சிலவற்றில் கொஞ்சம் அழுத்தமாக, ஒழுங்கின்றிப் பழுப்பேறும். இதுவே இயல்பு. மரபணு ஒருவகையில் கெட்டால் புரதம் குவிந்து எல்லா உட்கருவும் கறுத்துவிடும். வேறுவகையில், பாதியிலேயே அறுந்துபோகும்படி கெட்டால், புரதமே உண்டாகாது. அப்போது புற்றுயிரணு எதிலும் ஒரு புள்ளிப் பழுப்பும் இராது. அருகிலுள்ள நலமான உயிரணுக்களில் மங்கிய பழுப்பு தெரிந்து, புற்றில் மட்டும் அறவே இல்லையெனில், அது எதிர்மறை அன்று. கெட்டதற்கு அதுவே சான்று. அடர்ந்த பழுப்புக்கு நிகரான சான்று.

திரையில் காட்டிய படத்தைப் பார்த்து எங்களுள் ஒருவர் மற்றவரின் கையைப் பற்றினோம். வண்டியில் திரும்பும்போது எதுவும் பேசவில்லை.

மறுநாள் பழைய தகட்டுப் பெட்டிகளைத் தேடி 2006ஐ எடுத்தோம். நீலம் சற்று வெளுத்திருந்தது. பழுப்பு அப்படியே இருந்தது. ஆம், பழுப்பு இருந்தது. புற்றைச் சூழ்ந்த தாங்குதிசுவில், மூலையில் ஒதுங்கிக் கிடந்த நலமான சுரப்பியொன்றில், தேநீர்க் கறைபோல மங்கலாக. நடுவே பரந்து கிடந்த புற்றில் மட்டும் ஒன்றுமில்லை. மெழுகுக் கட்டியில் எஞ்சியிருந்ததைச் சீவிப் பி-16க்குச் சாயமிட்டோம். சீரஸ் வகையில் வருவதுபோல் இடைவெளியின்றிக் கறுத்தது.

ஓய்வு பெற்றுவிட்ட டாக்டர் ஐயாவின் வீட்டுக்கு நுண்ணோக்கியையும் தகட்டையும் எடுத்துப்போனோம். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நெடுநேரம் குனிந்திருந்தார்.

"பக்கத்துல இருக்கிறதெல்லாம் எடுத்திருக்கே. நான் எப்படிப் பார்க்காம விட்டேன்?"

"அன்னைக்கு யாருமே அப்படிப் பார்க்கலை ஐயா."

"உட்கரு பெரிசா இருக்குன்னு எனக்கே தோணிச்சு. அந்தத் தாளைப் பார்த்ததும் என் கண்ணை நான் நம்பலை" என்றார். பிறகு, "மதர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது. இறந்தவரின் மெழுகுக் கட்டியைப் பற்றி எவரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியம் எங்களுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. தவறு அக்காலத்து அறிவின் குறை என்று சொல்லலாம், அது உண்மையுங்கூட. எனினும் அச்சுமுறுக்கு தின்றவர்கள் நாங்கள். 2020இல் வெளியான ஆய்வொன்றில், தீவிர ஆபத்துள்ள கருப்பைப் புற்றில் பி-53 கெட்டவர்களுள், கதிர்வீச்சு மட்டும் பெற்று ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தோர் 36 விழுக்காடு; கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றோரில் 59 விழுக்காடு. 2023 முதல், மகப்பேறு மற்றும் பெண்நோய் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு நோயின் நிலையை வகுப்பதிலேயே பி-53க்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த எண்களுக்கிடையே உள்ள 23ஐ நாங்கள் வாசிக்கும்போதெல்லாம் ஒரு முகத்தோடுதான் வாசிக்கிறோம்.

மடத்துத் தலைவியிடம் 2017 ஆகஸ்டில் சொன்னோம். தகடு, சாயம், பழுப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கோபிக்கவில்லை. "சிஸ்டர் அந்தப் பதினோரு மாசம் பேசாம இருந்ததுக்கு நாங்களும் பொறுப்பு" என்று மட்டும் சொல்லி, மாத ஒடுக்க நாளன்று வந்து சகோதரிகளிடம் பேசும்படி கேட்டார். மேடைப் பேச்சு எங்களுக்கு வழக்கமில்லை. போனோம்.

பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்னைப் பற்றிச் சொன்னோம். 1760 முதல் 1839 வரையிலான அந்நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, கன்னியர்களுக்கு மார்பகப் புற்று மிகுதி, கருப்பைப் புற்றோ குறைவு என்று 1842இல் அவர் எழுதினார். அதைக் கேட்டு நிம்மதி கொள்ளலாகாது. கருப்பை வாயையும் கருப்பை உடலையும் பிரித்தறியாத காலத்துக் கணக்கு அது. குறைவது வாய்ப்பகுதியில் வரும் புற்று. உட்சவ்வில் வருவது, பிள்ளை பெறாதவர்களுக்குக் கூடுதல். புரதங்களைப் பற்றிக் கொஞ்சமாகவே பேசினோம். எத்தனை புரதங்களுக்கு எத்தனை நிறம் ஏற்றினாலும், குப்பி மேசைக்கு வந்த பின்புதானே! அதற்கு முந்திய அடையாளம் உதிரந்தான். இப்புற்று கண்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு அது முன்னரே தென்படுகிறது. அதேபோல, மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்று இருப்பதில்லை. இந்த இரண்டாவது கணக்கைச் சொன்னபோது பின்வரிசையில் இருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

காப்பி கொடுக்கும் வேளையில் அவர்களுள் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், டம்ளரை நீட்டியபடி குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வரணும்?" என்று கேட்டார். "நாளைக்கே வாங்க சிஸ்டர்" என்றோம்.

வெறும் சதைமொட்டு. முதற் சாயத்திலேயே புது டாக்டர் அதைச் சொல்லிவிட்டார். பி-53 பார்க்கச் சொல்லவில்லை, பார்க்கத் தேவையுமில்லை. அந்த எதிர்ப்புரதம் ஒரு சொட்டு என்ன விலை என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தும் அன்று மாலை, எல்லாரும் போன பின், ஒரு தகட்டுக்குச் சாயமிட்டுச் செலவை எங்கள் பெயரில் எழுதிக்கொண்டோம். நுண்ணோக்கியில் இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். இங்கொன்றும் அங்கொன்றுமாக, சில மங்கலாக, சில சற்று அழுத்தமாக, ஒழுங்கில்லாத பழுப்பு.